காட்டுக் காபி ருசிக்கவில்லையா? அறிகுறி பார்த்துத் தூளை மாற்றுங்கள்

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் கண்ணெதிரே அரைத்து வாங்கிய தூள், வீட்டில் கள்ளிச்சொட்டு டிகாஷனாக இறங்குகிறது. அதே தூளை எடுத்துக்கொண்டு குதிரேமுக் அடிவாரத்திலோ சக்லேஷ்பூர் தோட்டத்திலோ கூடாரம் போட்டுக் காலையில் கலந்தால், ஒன்று புளிக்கிறது, இல்லையென்றால் கழுநீராக இருக்கிறது. பெங்களூரிலிருந்து வார இறுதியில் மலையேறப் போகும் நம்மவர்கள் உடனே அடுப்பைக் குறை சொல்வார்கள், குளிரைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு தூள் வாங்கிய இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. வீட்டுத் தண்ணீருக்கும் வீட்டு பில்டருக்கும் பழகிய தூளை, அந்த இரண்டுமே இல்லாத இடத்துக்குக் கொண்டுபோகிறோம்.

அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் அங்கேயே என்ன செய்யலாம் என்பதையும், அடுத்த முறை என்ன வாங்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். எதற்கும் முன்னால், பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கோளாறு காபியிலா பாலிலா என்பது அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தூளையும் கூட்டி, நேரத்தையும் கூட்டி, தண்ணீரையும் குறைத்தால் எது சரிசெய்தது என்று யாருக்கும் தெரியாது.

அறிகுறி: புளிக்கிறது

நாக்கின் ஓரத்தில் சுரீரென்று புளிப்பு ஏறுகிறது, விழுங்கியதும் வாயில் ஒன்றுமே தங்கவில்லை. தூளின் சாரம் முழுசாக இறங்கவில்லை என்று அர்த்தம். காபித்தூளில் வெந்நீர் பட்டதும் முதலில் கரைவது புளிப்பு. இனிப்பும் கசப்பும் பின்னால்தான் வரும். பாதியிலேயே வடித்துவிட்டால் முன்னால் வந்தது மட்டும் டம்ளரில் இருக்கும்.

முதல் சந்தேகம் சூட்டின் மேல். காபி சரியாக இறங்க 90 முதல் 96 டிகிரி வரை சூடு வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் முன்னதாகவே கொதிக்கத் தொடங்கும். பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் நம் வீட்டு அடுப்பிலேயே 97தான். கர்நாடகத்தின் மிக உயரமான சிகரமான முல்லையனகிரி சுமார் 1,930 மீட்டர். அங்கே 93, 94 வரும், அது போதும். ஆகவே மேற்குத் தொடர்ச்சி மலையில் காபி புளித்தால் உயரத்தின் மேல் பழி போட முடியாது. இமயமலைப் பக்கம் போய் 3,500 மீட்டரில் முகாம் போட்டால் கதை வேறு. அங்கே 88 டிகிரியிலேயே தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், எவ்வளவு நேரம் வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. ‘கொதித்ததும் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றவும்’ என்று பாக்கெட்டில் எழுதியிருப்பதை அங்கே மறந்துவிட்டு, கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும்.

நம் பக்கத்து மலைகளில் சூட்டைத் தின்பது பாத்திரம். விடியற்காலைக் குளிரில் இரவெல்லாம் வெளியே கிடந்த எவர்சில்வர் பாத்திரத்தில் வெந்நீர் விழுந்ததும் சட்டென்று பல டிகிரி இறங்கிவிடும். கொஞ்சம் வெந்நீர் விட்டு அலசிக் கொட்டிவிட்டு அப்புறம் தூளைப் போடுங்கள். மூடி போட்டு, துண்டைச் சுற்றி வையுங்கள். எங்கள் கூட்டத்தில் பில்டருக்கு மங்கி குல்லா மாட்டுவது வழக்கம். பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் டிகாஷன் வித்தியாசமாகத்தான் இறங்கும்.

இரண்டாவது சந்தேகம் தண்ணீர். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. பெங்களூரின் ஆழ்குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது. பக்கெட்டில் வெள்ளை படிகிறதே, அந்த உப்புகளோடு வரும் பைகார்பனேட் காபியின் புளிப்பில் ஒரு பங்கை அடக்கிவிடும். மலை ஓடை மழைத்தண்ணீராக விழுந்து, எளிதில் கரையாத பாறைமேல் ஓடி வருவது. அதில் அடக்குவதற்கு ஒன்றும் இல்லை. வீட்டில் ‘லேசான பழப்புளிப்பு’ என்று ரசித்தது ஓடைத் தண்ணீரில் பல்லைக் கூசவைக்கும். தூள் மாறவில்லை, அதன் உண்மையான புளிப்பு இப்போதுதான் தெரிகிறது.

அங்கேயே செய்யக்கூடியது: ஊறும் நேரத்தைக் கூட்டுங்கள். 4 நிமிடம் வைத்தீர்களானால் 6, 7 ஆக்குங்கள். நடுவில் ஒருமுறை நன்றாகக் கிளறுங்கள். தூளை இன்னும் கொட்டினால் புளிப்பு போகாது, அடர்த்தியான புளிப்புதான் கிடைக்கும். பால் சேர்த்துக் குடிப்பவர்கள் ஓரளவு தப்பிக்கலாம்.

அடுத்த முறை வாங்க வேண்டியது: மீடியம்-டார்க் வறுவல். இங்கே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். இந்திராநகர்க் கடைகளில் கிடைக்கும் இளவறுவல், ஒற்றைத் தோட்டக் காபி, ஆரஞ்சு வாசனை, பெர்ரி வாசனை என்று அட்டையில் போட்டிருப்பது எல்லாம் நல்ல காபிதான். ஆனால் அதை அளவுகோல், வெப்பமானி, பழகிய தண்ணீர் எல்லாம் இருக்கும் இடத்தில் குடிக்க வேண்டும். இளவறுவல் கொட்டை கெட்டியாக இருப்பதால் சாரம் மெதுவாகத்தான் இறங்கும். கொஞ்சம் சூடு குறைந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். இன்னும் கொஞ்சம் கூடுதலாக வறுத்த கொட்டை அவ்வளவு கறார் பார்க்காது.

அறிகுறி: கசப்பு, கருகல், தொண்டையில் காறல்

இது மேலே சொன்னதற்கு நேர் எதிர். நம்மவர்கள் காட்டுக்குப் போனதும் டீ போடும் முறைக்கு மாறிவிடுகிறார்கள். தண்ணீரும் தூளும் சேர்த்துக் கொதி கொதியென்று கொதிக்கவிட்டால், கடைசியில் இறங்க வேண்டிய கசப்பும் துவர்ப்பும் முழுக்க இறங்கும். எழுந்திருக்காத நண்பருக்காக அதையே இரண்டாம் முறை சூடாக்கினால் இன்னும் மோசம்.

அடுப்பை அணைத்த பிறகு தூளைப் போடுங்கள். ஏற்கெனவே கசந்துவிட்டதென்றால் ஒரு சிட்டிகை உப்பு. கொஞ்சம்தான், உப்பு இருப்பதே நாக்குக்குத் தெரியக்கூடாது. கசப்பு நிஜமாகவே தணியும். சர்க்கரையை அள்ளிக் கொட்டுவதைவிட இது மேல்.

சரியாக இறக்கியும் கசக்கிறதென்றால் தூளைத்தான் பார்க்க வேண்டும். எண்ணெய் மினுக்கும் அளவுக்குக் கருக வறுத்ததா, மலிவான ரோபஸ்டா அதிகமா, சிக்கரி அதிகமா? (காபியில் பெரிய இனம் இரண்டு: மென்மையான அராபிகா, கசப்பு கூடிய ரோபஸ்டா.)

இங்கே கொஞ்சம் நின்று, கடையில் எழுதியிருக்கும் பெயர்களைப் பார்த்துவிடலாம். பெங்களூர்க் காபிக் கடைகளில் ‘பிளான்டேஷன்’ என்று எழுதியிருந்தால் அது பழத்தோலை நீக்கி, கழுவிக் காயவைத்த அராபிகா. ரோபஸ்டாவை அதே முறையில் பதப்படுத்தினால் அதற்குப் பெயர் ‘பார்ச்மென்ட்’. ‘செர்ரி’ என்றால் பழத்தோடு அப்படியே உலர்த்தியது, அராபிகாவிலும் உண்டு, ரோபஸ்டாவிலும் உண்டு. ‘ஏ’, ‘பி’ எல்லாம் கொட்டையின் அளவைக் காட்டும் எழுத்துகள், ருசிக்கான மதிப்பெண் என்று நினைத்துவிடாதீர்கள். ‘பிபி’ என்பது பீபெரி. வழக்கமாகப் பழத்துக்குள் இரண்டு தட்டைக் கொட்டை இருக்கும், இதில் ஒன்றே ஒன்று உருண்டையாக இருக்கும். கர்நாடக அராபிகாவில் பரவலாகப் பயிராகும் எஸ்.795, பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம். அதன் பெயரை அட்டையில் பார்த்தால் தயங்காமல் எடுக்கலாம். காரமும் இல்லாமல் சப்பென்றும் இல்லாமல் நடுவாக இருக்கும்.

பாலோடு குடிப்பவர்களுக்குக் காட்டுக்கு நான் சொல்லும் கலவை: முக்கால் பங்கு பிளான்டேஷன் அல்லது பீபெரி, கால் பங்கு பார்ச்மென்ட் ரோபஸ்டா. கழுவிய ரோபஸ்டா பால்பவுடருக்கு அடியில் அமுங்காமல் நிற்கும், ரோபஸ்டா செர்ரியில் வரும் ரப்பர் வாடை இதில் அவ்வளவாக இருக்காது. கடுங்காப்பி குடிப்பவர்கள் ரோபஸ்டாவை விட்டுவிடலாம்.

அறிகுறி: நிறம் இருக்கிறது, ருசி இல்லை

பார்த்தால் கருகருவென்று இருக்கிறது, குடித்தால் கழுநீர். முதல் காரணம் கஞ்சத்தனம். பையின் எடையைக் குறைக்கத் தூளைக் குறைத்திருப்பீர்கள். ஊறவைத்து வடிக்கும் காபிக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் தூள் வேண்டும். பால் சேர்ப்பதாக இருந்தால் தண்ணீரைப் பாதியாக்க வேண்டும். முகாமில் தராசு இருக்காது, ஆகவே வீட்டிலேயே ஒரு வேளைக்கு ஆளுக்கு 15 கிராம் என்று சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிவிடுங்கள். காலையில் தூக்கக் கலக்கத்தில் கணக்குப் போட வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் சிக்கரி. சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்தது. நிறத்தையும் கெட்டித்தன்மையையும் தாராளமாகக் கொடுக்கும், காபி மணத்தைக் கொடுக்காது. நம் நாட்டு விதிப்படி காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதாவது கிட்டத்தட்டப் பாதி சிக்கரி இருந்தாலும் அது சட்டப்படி சரிதான். விகிதத்தைப் பாக்கெட்டில் போட்டிருப்பார்கள், பொடி எழுத்தாக இருக்கும், தேடிப் படியுங்கள். இன்ஸ்டன்டிலும் இதே கதை. 70க்கு 30 கலந்த பாக்கெட்டை ‘காபி’ என்று நினைத்து எடுத்துப்போனவர்கள் நிறையப் பேர்.

நான் சிக்கரிக்கு விரோதி இல்லை. சூடு குறைந்த தண்ணீரிலும் அது சட்டென்று கரையும். தண்ணீரைப் பிடித்துவைத்து பில்டரில் மெதுவாக இறங்கவிடும், அதனால் டிகாஷன் கெட்டியாகும். பத்து முதல் இருபது சதவீதம் வரை பால் காபிக்கு நன்றாகவே இருக்கும். அதற்கு மேல் போனால் காட்டில் குடிப்பது வேர்க் கஷாயம்தான்.

அறிகுறி: பழைய அட்டைப்பெட்டி வாடை

தூள் செத்துவிட்டது. இதற்கு முகாமில் மருந்து கிடையாது, சுக்கு இருந்தால் தட்டிப்போட்டுச் சுக்குக் காபியாக்கிக் குடித்துவிடலாம். வறுத்த கொட்டை சில வாரம் தாங்கும். அரைத்துவிட்டால் காற்று பட்டுச் சில நாளிலேயே மணம் ஓடத் தொடங்கும். அதனால் பாக்கெட்டில் வறுத்த தேதியைத் தேடுங்கள். ‘பேக் செய்த தேதி’ மட்டும் இருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மிகப் புதிதாக வறுத்ததும் உடனே சரிப்படாது. கொட்டைக்குள் கரியமில வாயு நிறைய இருக்கும், வெந்நீர் விட்டதும் நுரைத்துக்கொண்டு வரும், சாரம் ஒழுங்காக இறங்காது. வறுத்து ஒரு வாரம் ஆனது நல்ல கணக்கு. கிளம்புவதற்கு முந்தின நாள் அரைத்து வாங்குங்கள். காற்றை வெளியே மட்டும் விடும் வால்வு வைத்த பை கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் மலை ஏற ஏறப் பை பலூனாக உப்பும், முழுக்க நிரப்பாமல் கட்டுங்கள்.

நான்கைந்து நாளுக்கு மேல் போகும் பயணம் என்றால் பிடிவாதத்தை விட்டுவிடலாம். உறையவைத்து உலர்த்திய, சிக்கரி கலக்காத இன்ஸ்டன்ட், ஒருவேளைக்கு ஒரு சாஷே. செத்த பில்டர் தூளைவிட இது எவ்வளவோ மேல். பாட்டில் வேண்டாம். மழைக்காலத்து ஈரத்தில் ஒருமுறை திறந்தால் போதும், தூள் உறிஞ்சிக்கொண்டு கல்லாகிவிடும்.

அறிகுறி: மருந்து வாடை, நீச்சல்குள வாடை

குளோரின் மாத்திரை போட்ட தண்ணீர். காபியைக் குறை சொல்லாதீர்கள், எந்தத் தூளும் இதில் பிழைக்காது. மாத்திரைக்குச் சொல்லியிருக்கும் நேரம், வழக்கமாக அரைமணி, முழுக்கக் கழிந்த பிறகு ஒரு துளி வைட்டமின் சி பொடியைக் கரைத்தால் குளோரின் வாடையும் அயோடின் வாடையும் அடங்கும். நேரம் முடிவதற்கு முன்னால் போட்டால் கிருமியைக் கொல்ல வேண்டிய மருந்தையே முறித்துவிடுவீர்கள், ஜாக்கிரதை. அதைவிட எளிது, காபித் தண்ணீருக்கு மாத்திரையே போடாமல் கொதிக்கவைப்பது. தளதளவென்று ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதித்தால் குடிக்கலாம். கலங்கல் தண்ணீரை முதலில் துணியில் வடிகட்டிவிடுங்கள்.

வாடை மாத்திரை போடாமலே வருகிறதென்றால் பிளாஸ்க்கின் மூடியைக் கழற்றி ரப்பர் வளையத்தை முகர்ந்து பாருங்கள். போன மாதப் பால் அங்கே குடியிருக்கும்.

அறிகுறி: வாயெல்லாம் மண்டி

பில்டருக்கு நைசாக அரைத்த தூளை நேராகப் பாத்திரத்தில் போட்டால் மண்டியைத்தான் மெல்ல வேண்டும். நேராக ஊறவைப்பதாக இருந்தால் கடையிலேயே ‘பிரெஞ்சு பிரஸ்ஸுக்கு அரையுங்கள்’ என்று சொல்லுங்கள், ரவை பதத்தில் கொரகொரப்பாகக் கொடுப்பார்கள். ஊறி முடிந்ததும் இரண்டு ஸ்பூன் பச்சைத்தண்ணீர் தெளித்து ஒரு நிமிடம் விட்டால் சக்கை அடியில் போகும். மெதுவாகச் சாய்த்து, கடைசி ஒரு விரற்கடையை விட்டுவிடுங்கள்.

கையில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அரவை. சின்ன எவர்சில்வர் பில்டர் முகாமுக்குத் தாராளமாகப் போதும், எடைதான் கொஞ்சம். கையால் அழுத்தி வடிக்கும் பிளாஸ்டிக் குழாயான ஏரோபிரஸ் லேசானது, உடையாது, நைசும் இல்லாமல் ரவையும் இல்லாமல் நடுத்தர அரவை போதும். அடுப்பில் வைத்து ஆவி அழுத்தத்தில் டிகாஷன் இறக்கும் மோக்கா பாட், சின்ன கேஸ் அடுப்பின் கம்பிகளுக்கு நடுவே ஆடும், பெருந்தீயில் வைத்தால் கருகும். எனக்கு அதில் விருப்பமில்லை. டம்ளர் விளிம்பில் மாட்டும் டிரிப் பை கடுங்காப்பிக்கு அருமை. ஆனால் ஒன்றில் 10 கிராம் அளவுதான் தூள் இருக்கும், பால் ஊற்றினால் காணாமல் போய்விடும். எதுவானாலும் சக்கையையும் உறையையும் மூட்டை கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள்.

அறிகுறி: பால் திரிகிறது, கட்டி கட்டியாக மிதக்கிறது

நந்தினி பச்சைப் பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் பேருந்து ஏறி நடந்தால் அது பாதி புளித்திருக்கும். காபியின் அமிலமும் சூடும் சேர்ந்து மீதியை முடித்துவைக்கும். குளிர்ப்பெட்டி தேவைப்படாத அட்டைப்பெட்டிப் பால் வாங்குங்கள், அல்லது பால்பவுடர். டெய்ரி ஒயிட்னர் என்று வருவதில் பெரும்பாலும் சர்க்கரை கலந்திருக்கும், அதைத் தெரியாமல் மேலே சர்க்கரை போடாதீர்கள். முழுக்கொழுப்புப் பால்பவுடர் 150 மில்லிக்கு 20 கிராம் போட்டால் வீட்டுப் பாலின் கனம் வரும். கொதிநீரில் நேராகக் கொட்டினால் கட்டி பிடிக்கும். வெதுவெதுப்பான நீரில் விழுதாகக் குழைத்துவிட்டு டிகாஷனை அதன்மேல் ஊற்றுங்கள். வெல்லமோ கருப்பட்டியோ போடுபவர்கள் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு போடுங்கள், அடுப்பில் வைத்துப் போட்டால் நல்ல பாலே திரியும்.

அறிகுறி: தண்ணீர் கொதிக்கவே மாட்டேன் என்கிறது

கேஸ் டப்பாவில் வெறும் பியூட்டேன் இருக்கலாம். அது பூஜ்யம் டிகிரி குளிரில் ஆவியாகவே தயங்கும். நம் மலைகளில் அவ்வளவு குளிராது, ஆனாலும் விடியலில் தீ மந்தமாகும். டப்பாவை இரவில் படுக்கைப்பைக்குள் வைத்திருங்கள். இமயமலைக்கு என்றால் ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்த டப்பா வேண்டும். விமானத்திலும் ரயிலிலும் கொண்டுபோகக் கூடாது, அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். காற்றுத் தடுப்பை டப்பாவைச் சுற்றி முழுக்க அடைக்காதீர்கள், சூடேறி வெடிக்கும். மழை என்று கூடாரத்துக்குள் அடுப்பைப் பற்றவைப்பது உயிருக்கே ஆபத்து, கார்பன் மோனாக்சைடு வாடையே இல்லாமல் வேலையை முடித்துவிடும். விறகுத் தீக்கு ஆசைப்பட்டால் வனத்துறைக் காட்டில் வேண்டாம், அது குற்றம். தோட்டத்து முகாமில் அனுமதித்தால் பாத்திரத்தை மூடிவையுங்கள், புகை வாடை காபியில் ஏறாமல் இருக்கும்.

அறிகுறி: காபி குடித்தும் தலைவலி

தினமும் கெட்டி காபி குடிக்கிறவர் பாதி சிக்கரி கலந்த இன்ஸ்டன்டுக்கு மாறினால், காஃபீன் குறைந்து ஒரு நாளுக்குள் தலை வலிக்கத் தொடங்கும். சிக்கரியில் காஃபீன் கிடையாது. ரோபஸ்டாவில் அராபிகாவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உண்டு. வீட்டில் எந்தக் கலவையோ அதற்குப் பக்கத்தில் உள்ளதையே எடுத்துப்போங்கள், பயணத்தில் காபியைக் குறைக்கும் விரதம் வேண்டாம்.

2,500 மீட்டருக்கு மேல் இருந்தால் மட்டும் இந்த விளக்கத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். தலைவலியோடு குமட்டலும் சோர்வும் சேர்ந்தால் அது உயர நோயாக இருக்கலாம். இன்னொரு டம்ளர் கலந்து பார்க்காமல், ஏறுவதை நிறுத்திவிட்டு உங்களை அழைத்துப்போனவரிடம் சொல்லுங்கள். நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ உடனே கீழே இறங்க வேண்டும்.